ராணுவ விமானியும் சிவில் விமானியும்

ஆகாய விமானம் ஓட்டக் கற்பிப்பதற்கு இவ்வுலகில் இரண்டு வழிகள் இருந்து வருகின்றன. ஒன்று ராணுவத்தின் வழி. மற்றொன்று சிவில் வழி. முன்னதில் சர்க்கார் தானே ஆளைப் பொறுக்கி எடுத்து, உணவும் உடையும் கொடுத்து, பறக்கக் கற்பித்து, தேசத்தின் காவலுக்கு அனுப்புகிறது. பின்னதில் கற்க விரும்புகிறவனே பணத்தைக் கட்டி, மணிக்கணக்காகப் பறந்து, லைசென்ஸ் பெற்று, பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனியின் வாயிலில் வேலைக்குப் போய் நிற்கிறான். இவ்விரண்டில் எது சிறந்தது என்ற தர்க்கம் விமானிகளுக்குள்ளே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அது அவர்களுடைய சொந்த வழக்கு, நமக்கு அதில் என்ன வேலை என்று நேயர்களில் சிலர் எண்ணலாம். அது சரியன்று. நாம் விமானத்தில் ஏறி அமர்ந்த மறுகணம் நமது உயிரை ஒரு விமானியின் கையில் ஒப்புவித்து விடுகிறோம். ஏறாதவர்களோ எல்லையைக் காக்கும் மற்றொரு விமானியை நம்பி உறங்குகிறார்கள். இவ்விருவரையும் தேசம் எவ்விதம் தயார் செய்கிறது என்பது பிரஜைகள் ஒவ்வொருவரும் ஆராய வேண்டிய விஷயமே.

இந்தியாவில் விமானப் படையும் டாட்டாவின் விமானத் தபாலும் ஒரே மாதத்தில் தொடங்கின என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். முதல் உலக யுத்தத்தில் இந்திரலால் ராய் போன்ற ஒரு சில இந்தியர்களே பிரிட்டிஷ் விமானப் படையில் பறக்க இடம் பெற்றனர். இந்தியனுக்கு யந்திரமும் வராது, ஆகாயமும் ஏற்காது என்று கருதிய காலம் அது. பிறகு 1932-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி இந்திய விமானப் படை சட்டபூர்வமாக ஏற்பட்டது. சரியாக ஒரு வாரம் கழித்து, அதே மாதம் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா ஒரு சிறிய புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னை வரை கொண்டுவந்தார். 1933-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி விமானப் படையின் முதல் பிரிவு நான்கு வாபிட்டி விமானங்களுடன் கராச்சியிலேயே அமைந்தது. ராணுவ விமானமும் சிவில் விமானமும் நமது நாட்டில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள்.

அக்காலத்தில் இரண்டுக்கும் இடையே மதில் எதுவும் இருக்கவில்லை. 1930-ம் வருஷத்தில் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகா கான் பரிசு ஒன்று அறிவித்திருந்தார். போட்டியிட்டவர்களில் டாட்டாவும் ஒருவர். ஆஸ்பி இஞ்சினியர் என்ற பதினேழு வயதுப் பிள்ளை மற்றொருவர். வழியில் எகிப்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் யந்திரத்துக்கு வேண்டிய தீப்பொறி பிளக்குகள் இல்லாமல் அவர் தவித்தார். டாட்டா தம்மிடம் இருந்தவற்றைக் கொடுத்து உதவினார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. கைப்பணத்தில் பறக்கக் கற்ற அந்த இளைஞரே பின்னர் விமானப் படையில் சேர்ந்து, 1960-ம் வருஷத்தில் அதன் தலைமைத் தளபதியானார். உதவிய டாட்டாவோ நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துக்கே தந்தையானார்.

இன்று நிலைமை வேறு. இரண்டு வழிகளும் வெகுதூரம் பிரிந்துவிட்டன. வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை. விமானப் படையில் விமானியாக விரும்புகிறவன் எழுத்துப் பரீக்ஷையைக் கடந்து, தேர்வுக் குழுவின் முன் பல நாள் சோதிக்கப்பட்டு, வைத்தியர்களின் கடுமையான பரிசோதனைக்கும் உட்படுகிறான். இவற்றோடு, கண்ணும் கையும் காலும் ஒன்றுக்கொன்று இணங்கி வேலை செய்கின்றனவா என்று கம்ப்யூட்டர் கருவிகளால் அளக்கும் ஒரு சோதனையும் உண்டு. அதில் ஒருவன் தவறினால் ஆயுளில் மறுமுறை எழுத முடியாது. சிவில் வழியிலோ சட்டம் கேட்பது மிகக் குறைவு. பௌதிகமும் கணிதமும் கற்றுப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும்; பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்; தேகசுகத்துக்கு வைத்தியரின் அத்தாட்சி வேண்டும். அதன் பின் 200 மணி நேரம் பறந்து, அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டி, விதிகள், வழியறிதல், வானிலை, யந்திர நுட்பம் முதலிய பாடங்களில் தேறினால் லைசென்ஸ் கிடைக்கும். சில நிலையங்கள் தாமாகவே நுழைவுப் பரீக்ஷை வைக்கின்றன. ஆனால் பறப்பதற்கு உரிய இயல்பு ஒருவனிடம் உண்டா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே சோதித்துச் சொல்லும் கடமை எவருக்கும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை. அதனால் இயல்பில்லாதவன் தகப்பனாரின் நிலத்தை விற்ற பணத்தைக் கொட்டிய பிறகே தன் குறையைத் தெரிந்துகொள்கிறான்.

இரண்டாவது, கற்பிப்பவரின் லாப நஷ்டம். நமது வக்கீல் தொழிலில் ஒரு பழைய நியாயம் உண்டு: தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் அமரலாகாது. ராணுவப் பள்ளியில் மாணவன் முன்னேறாவிட்டால் அவனைப் பறப்பிலிருந்து விலக்கி வேறு வேலைக்கு அனுப்பி விடுகிறார்கள். அதனால் ஆசிரியருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை; தகுதியில்லாதவனை மேலே அனுப்பினால்தான் நாளை தம் படைக்கே கேடு. சிவில் பள்ளியில் மாணவனே வாடிக்கைக்காரன். அவனைத் திருப்பி அனுப்பினால் வருமானம் போகும். எல்லாப் பள்ளிகளும் பணத்துக்காக நேர்மையை விற்கின்றன என்று நாம் சொல்லவில்லை. கண்ணியமாக நடத்தப்படும் பள்ளிகள் உண்டு. ஆயினும் சலனத்துக்கு இடங்கொடுக்கும் ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிருப்பது ராஜதந்திரமாகாது. 2011-ம் வருஷத்தில் பொய்யான மார்க்குப் பத்திரங்களைக் காட்டி லைசென்ஸ் வாங்கிய சில விமானிகள் பிடிபட்டுக் கைதானார்கள். பிரயாணிகள் நிறைந்த விமானங்களை அவர்களில் சிலர் ஓட்டியும் வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

மூன்றாவது, கற்பிக்கப்படும் வித்தை. ஹைதராபாத்தின் அருகில் துண்டிகலில் உள்ள விமானப் படைக் கலாசாலையில் மாணவன் பிலாட்டஸ் விமானத்தில் தொடங்குகிறான். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டவும், சுழன்று விழச் செய்து அதிலிருந்து மீட்கவும், அணிவகுத்துப் பறக்கவும், தாழப் பறந்து வழி கண்டுபிடிக்கவும் அவனுக்குக் கற்பிக்கிறார்கள். பிறகு சண்டை விமானிகள் ஒரு பக்கமும், சுமை விமானிகள் ஒரு பக்கமும், ஹெலிகாப்டர் விமானிகள் ஒரு பக்கமுமாகப் பிரிகின்றனர். சிவில் மாணவனின் லட்சியம் இதற்கு நேர் எதிரானது. விமானம் ஒருபோதும் அந்த அபாய நிலைக்குப் போகாதபடி காப்பதே அவனுடைய வித்தை. பின்னால் இருப்பவர் கையிலுள்ள காப்பி சிந்தாமல், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டி, குறித்த நிமிஷத்தில் குறித்த இடத்தில் இறக்குவதில் அவனுடைய பெருமை அடங்கியிருக்கிறது.

இந்த வித்தியாசம் உயிர்களைப் பற்றியது. 2009-ம் வருஷம் ஜூன் முதல் தேதி ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேர் மாண்டனர். வேகம் காட்டும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, தானியங்கி விலகிக்கொண்டது, விமானம் மிதக்கும் சக்தியை இழந்து விழுந்துகொண்டிருக்கையில், மூக்கைத் தாழ்த்த வேண்டியவர் உயர்த்திப் பிடித்திருந்தார். அந்த உயரத்தில் கையால் ஓட்டவும், அந்நிலையிலிருந்து மீளவும் போதிய பயிற்சி இல்லாதது விசாரணையில் வெளிப்பட்டது. அபாய நிலையிலிருந்து மீளும் பயிற்சியை உலகத்துச் சிவில் விமானிகளுக்கு விதியாக்கியது அதற்குப் பின்னரே. ராணுவ மாணவனுக்கு அது தொடக்கப் பாடம்.

அப்படியானால் ராணுவ வழியே மேல் என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது. எதிர்க்கட்சிக்கும் வலிய சாக்ஷியங்கள் உண்டு. 1977-ம் வருஷம் மார்ச் 27-ந் தேதி டெனெரீப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தனர். உத்தரவு கிடைக்குமுன் புறப்பட்ட விமானத்தின் காப்டன் தம் கம்பெனியில் மற்றவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் மூத்த விமானி. பாதை காலியாகிவிட்டதா என்று கீழ் உத்தியோகஸ்தர் எழுப்பிய சந்தேகம் அவருடைய பெரிய பெயருக்கு முன் எடுபடவில்லை. நம் நாட்டில் 2010-ம் வருஷம் மே 22-ந் தேதி மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்திலும், இறங்க வேண்டாம், மேலே எழும்புவோம் என்று துணை விமானி சொல்லியும் காப்டன் இறங்கினார். கட்டளையிடுவதும் கீழ்ப்படிவதும் யுத்த களத்துக்கு உயிர்நாடி. ஆனால் இருவர் சேர்ந்து ஓட்டும் விமானத்தில் கீழ்ப்பட்டவனின் வாய் அடைபட்டால் அதுவே எமன். ஆகவே 1979-ம் வருஷம் முதல் விமான அறையில் எவரும் அஞ்சாமல் பேசவும், மேலோர் செவிசாய்க்கவும் தனிப் பயிற்சி வகுத்து, சிவில் உலகம் அதை உலகெங்கும் பரப்பியது. தனி ஆசனத்தில் அமர்ந்து பழகிய சண்டை விமானி பிரயாணி விமானத்துக்கு மாறும்போது முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே. சண்டை விமானிக்கு ஆபத்து வந்தால் பாராசூட் உண்டு. சிவில் விமானியின் முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது உயிர்கள் உண்டு.

மணிக்கணக்கை மட்டும் அளந்து இவ்வழக்கைத் தீர்க்க முயன்ற அமெரிக்காவின் அனுபவமும் கவனிக்கத் தக்கது. 2009-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பப்பலோ நகருக்கு அருகில் ஒரு சிறிய விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். பொங்கியெழுந்த ஜனங்களின் வற்புறுத்தலால் அந்நாட்டுக் காங்கிரஸ் 2010-ல் சட்டம் செய்தது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் 1500 மணி நேரப் பறப்பு வேண்டும் என்றாயிற்று. ராணுவத்தில் கற்றவனுக்கு மட்டும் 750 மணி போதும் என்று சலுகை வைத்தார்கள். ராணுவத்தின் ஒரு மணி சிவிலின் இரண்டு மணிக்குச் சமம் என்று சட்டமே எழுதி வைத்தது போலாயிற்று. ஆனால் ஒரு விஷயம். பப்பலோ விபத்தில் இறந்த விமானிகள் இருவரும் முன்னமே 1500 மணிக்கு மேல் பறந்தவர்கள்! மணியின் எண்ணிக்கை அவர்களைக் காக்கவில்லை. எத்தனை மணி என்பதைவிட எத்தகைய மணி என்பதே கேள்வி. வெயில் காயும் நாளில் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்த நூறு மணி, வல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்து பிழை திருத்திய பத்து மணிக்கு ஈடாகாது.

அதே 2009-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பறவைக் கூட்டம் மோதி இரண்டு யந்திரங்களும் சக்தி இழந்த விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கி, 155 பேரும் உயிர் தப்பினர். காப்டன் சல்லென்பர்கர் அமெரிக்க விமானப் படையில் சண்டை விமானியாக இருந்தவர். பக்கத்தில் இருந்த ஸ்கைல்ஸ் சிவில் வழியில் வந்தவர்; அந்த ரக விமானத்தில் அவருக்கு 37 மணி நேர அனுபவமே இருந்தது. ஒருவர் கையால் ஓட்ட, மற்றவர் யந்திரத்தை உயிர்ப்பிக்கும் வழிகளை ஏட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார். காப்பாற்றியது ராணுவமா, சிவிலா? இரண்டும் சேர்ந்த கூட்டுறவு.

ராணுவ வழியும் சர்க்கார் கைவிட்டால் பாழ்படும் என்பதற்கு நமது நாடே சாக்ஷி. தொடக்கப் பயிற்சி விமானத்திலிருந்து நேரே மிக்-21 போன்ற கடும் வேக விமானத்துக்கு இளைஞர்களை அனுப்புவது தகாது, இடையில் ஒரு உயர்தரப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1982-ம் வருஷத்தில் லா பான்டெய்ன் கமிட்டி கூறிற்று. ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது 2004-ல். அவை பீதாரில் முறைப்படி படையில் சேர்ந்தது 2008-ல். இருபத்தாறு வருஷம்! அந்த இடைக்காலத்தில் மிக்-21 விபத்துக்களில் நாம் இழந்த இளம் விமானிகளின் தாய்மார்களுக்கு எந்த மந்திரி பதில் சொல்வார்? மிக்-21 2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் மரியாதையுடன் விடை பெற்றது. அத்தாய்மார்களின் துயரத்துக்கு விடை இல்லை. 2009-ல் எச்.பி.டி.-32 என்ற தொடக்கப் பயிற்சி விமானம் விபத்தின் காரணமாக நிறுத்தப்பட்ட பின்னும், பிலாட்டஸ் 2013-ல் வந்து சேரும் வரையில் படை திண்டாடிற்று. பயிற்சி விமானத்தில் மிச்சம் பிடிப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

இனி சிவில் பக்கத்துக்கு வருவோம். 2023-ம் வருஷத்தில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானங்களைப் பணம் கொடுத்து வாங்கலாம்; விமானியை அப்படி வாங்க முடியாது. 2025-ம் வருஷம் டிசம்பரில், விமானிகளுக்குப் போதிய ஓய்வு வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்ததை அடுத்து, ஆயிரக்கணக்கில் விமானப் பிரயாணங்கள் ரத்தாகி ஜனங்கள் நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்ததை நாம் கண்டோம். ஆள் தேவை இவ்வளவு இருக்க, கற்கும் வாயிலோ பணக்காரனுக்கே திறந்திருக்கிறது. ஒரு சிவில் விமானி லைசென்ஸ் பெறும் செலவு இன்று அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சியையும் சேர்த்தால் அதையும் கடக்கிறது. உதவித் தொகைகள் சில உண்டு. அவை கடலில் கரைத்த பெருங்காயம். விளைவு என்ன? உழவன் மகன் ராணுவத்தில் சேர்ந்து சண்டை விமானம் ஓட்டலாம். அதற்கு வேண்டியது திறமை ஒன்றே. ஆனால் அவனே பிரயாணி விமானம் ஓட்ட விரும்பினால் அவனுடைய தகப்பனாரிடம் பத்திரம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஜனநாயக நாட்டில் இது பொருந்துமா?

ஆசிரியர் விஷயமும் அவ்விதமே. சிவில் பள்ளிகள் பலவற்றில் கற்பிக்கிறவர், நேற்று லைசென்ஸ் பெற்று, நாளை கம்பெனியில் வேலை கிடைக்கும் வரை மணிக்கணக்கைச் சேர்க்க வந்த இளைஞர். விமானப் படையிலோ கற்பிப்பது தனி வித்தையாகப் போற்றப்படுகிறது. பறக்கும் ஆசிரியர்களை உருவாக்கவென்றே 1948-ம் வருஷத்தில் அம்பாலாவில் தொடங்கப்பட்ட பள்ளி 1954 முதல் நமது தாம்பரத்தில் நடந்து வருகிறது. இந்தியாவின் விமானப் படைக்குப் பறக்கக் கற்பிப்பவர்கள் தாம்பரத்து ஆகாயத்தில்தான் கற்பிக்கக் கற்கிறார்கள். அந்தப் பொக்கிஷம் நம் வாசலில் இருக்க, சிவில் பள்ளிகள் ஆசிரியருக்குப் பஞ்சம் என்று அழுவது விந்தையே.

எனவே நமது யோசனைகள் இவை. முதலாவது, பறக்கும் இயல்பைச் சோதிக்கும் பரீக்ஷை ஒன்றைச் சிவில் மாணவருக்கும், பணம் கட்டுவதற்கு முன்பே, கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, மாணவனிடம் பணம் வாங்கும் பள்ளியே அவனுக்குத் தேர்ச்சி அத்தாட்சியும் அளிப்பது ஒழிந்து, பரீக்ஷை செய்பவர் முற்றிலும் வேறானவராக இருக்க வேண்டும். மூன்றாவது, திறமையுள்ள ஏழை மாணவருக்குச் சர்க்காரும் கம்பெனிகளும் சேர்ந்து செலவை ஏற்று, வேலையில் அமர்ந்த பின் சம்பளத்தில் சிறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்காவது, ஓய்வு பெற்ற விமானப் படை ஆசிரியர்களைத் தக்க ஊதியத்துடன் சிவில் பள்ளிகளுக்கு வரவழைக்க வேண்டும். ஐந்தாவது, ராணுவமும் சிவிலிடமிருந்து, கீழ்ப்பட்டவன் அஞ்சாமல் பிழையை எடுத்துரைக்கும் பழக்கத்தைத் தயங்காமல் மேற்கொள்ள வேண்டும்.

கம்பெனிகளின் லாபத்துக்காகச் சர்க்கார் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆக்ஷேபம் நியாயமானதே; ஆனால் சரித்திரம் வேறு பதில் கூறுகிறது. அமெரிக்கா 1939 முதல் 1944 வரை சிவில் விமானப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தி 4,35,000 பேருக்கு மேல் பறக்கக் கற்பித்தது. யுத்தம் மூண்டபோது அவர்களிலிருந்தே படைக்கு ஆள் கிடைத்தது. அதுவரை ஆகாயம் மறுக்கப்பட்டிருந்த கறுப்பு இனத்து இளைஞரும் அவ்வழியாகவே டஸ்கீகியில் விமானிகளாயினர். நமக்கும் அனுபவம் உண்டு. 1947-ம் வருஷம் அக்டோபர் 27-ந் தேதி காலை முதல் காஷ்மீரத்தைக் காக்க ஸ்ரீநகருக்குப் பட்டாளத்தைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டா விமானங்களில் படையின் விமானங்களும் இருந்தன. சிவில் கம்பெனிகளின் விமானங்களும் இருந்தன. சுதந்திரம் பெற்று எழுபத்து மூன்று நாட்களே ஆகியிருந்த தேசத்தின் எல்லையை அன்று இரு திறத்து விமானிகளும் தோளோடு தோள் நின்று காத்தார்கள். சிவில் விமானி தேசத்தின் சேமநிதி. அந்நிதியில் போடும் பணம் வீணாவதில்லை.

எந்த வழி சிறந்தது என்று கேட்பவர்களுக்கு நாம் கூறும் விடை இதுதான்: ராணுவம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேர்மையும், சிவில் உலகம் கற்றுக்கொண்ட நிதானமும் ஒன்று சேரும் வழியே சிறந்தது. இதைச் சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் கேட்டுப் பெறுவது நமது பிரதிநிதிகளின் பொறுப்பு; அவர்களைக் கேட்க வைப்பது நமது பொறுப்பு. விமானத்துக்கு ஆர்டர் கொடுத்த செய்திக்குக் கை தட்டும் ஜனங்கள், அதை ஓட்டப் போகிறவன் எங்கே, எவரிடம், எவ்விதம் கற்றான் என்று கேட்கவும் தொடங்கட்டும்.